வானில இன்வேட்டர் ராவு ரெண்டு மணிக்கு நிண்டு போகுது, பற்றரி மாத்தோணுமா வயர் மாத்தோணுமா?

தாழங்குடா_வான்
எல்லாருக்கும் வணக்கம். என்னட்ட பழைய டொயோட்டா டொல்பின் ஹயஸ் வான் ஒண்டு இரிக்கு, பின் சீற்றெல்லாம் கழட்டிப்போட்டு பலகைக் கட்டில், சின்ன அலுமாரி, தண்ணித் தாங்கி எல்லாம் நானே அடிச்சி வச்சிரிக்கன், லீவு நாளையில குடும்பத்தோட உன்னிச்சை, மகாஓயா, வாகரை எண்டு போய் ராத்தங்கிட்டு வாற. கரண்டுக்கு வச்சிரிக்கிறது வீட்டு இன்வேட்டரும் 150 அம்பியர்-மணி உயரப் பற்றரியும் (தண்ணி ஊத்துற பெரிய ஈய-அசிட் பற்றரி). 2022ல ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் வெட்டினாங்களே, அந்த நேரம் கடன்பட்டு வாங்கினது, கரண்ட் சரியா வந்தாப் பொறகு ரெண்டு வருசம் மூலைக்குள்ள சும்மா கிடந்தது, வீணாக் கிடக்குதே எண்டு தூக்கி வானில வச்சன். ஓடக்குள்ள சார்ஜ் ஏற என்ஜின் பற்றரியில இருந்து ஒரு வயர் இழுத்து ரிலே (தானா சேத்து வெட்டுற சுவிட்ச்) போட்டுத் தந்தாங்க கராஜ் ஒண்டில.

போன கிழமை உகந்தை முருகன் கோயிலுக்குப் போனம். அம்மாவும் வந்தவ. அவக்கு ஆஸ்துமா, நெபுலைசர் கட்டாயம் கொண்டு போகோணும், இன்சுலினும் இரிக்கு, அதுக்காக வீட்டுச் சின்ன பிறிட்ஜையும் ஏத்தி இன்வேட்டரில கொளுவி வச்சன். ராவு ரெண்டு மணி போல கீ கீ எண்டு கத்தி இன்வேட்டர் நிண்டு போச்சி, சரியா அந்த நேரம் பாத்து அம்மாக்கு இழுப்பு. திரும்ப ஓன் பண்ணி நெபுலைசரப் போட ஒருக்கா உறுமிட்டு மறுகாவும் நிண்டுட்டுது. கைகால் நடுங்கிப் போச்சி எனக்கு. ஓடிப்போய் என்ஜின ஸ்டார்ட் பண்ணிப்போட்டுத்தான் மருந்து புடிச்ச. அந்த இருட்டுக்குள்ள, யானை நடமாடுற இடம், ஆஸ்பத்திரிக்குப் போறதெண்டா பாணமையால திரும்பி ஓடோணும். விடியப் பற்றரியில மீற்றர் வச்சிப் பாத்தா 12.1 காட்டுது. அப்ப பற்றரி சாகல்லதானே? இன்னொரு 150 வாங்கிப் பக்கத்தில போட்டா சரிவருமா? தெரிஞ்சாக்கள் சொல்லுங்க, அடுத்த மாசம் திரும்பப் போகோணும்.

டொரன்டோ_அக்கரைப்பற்று
அம்மா இப்ப சுகமா இரிக்கிறாவா? முதல்ல அதச் சொல்லுங்க. நான் இங்க கனடாவில கேம்பர் வான் ஒண்டு ஆறு வருசமா வச்சிரிக்கன், முதல் ரெண்டு வருசம் உங்கட கதைதான் எனக்கும், பொறகு லித்தியம் இரும்பு பொஸ்பேட் பற்றரி போட்டன், அதோட தலையிடி போச்சி. ஈயப் பற்றரிய அரைவாசிக்குக் கீழ இறக்கினா ஆயுள் குறையும், அப்ப 150 எண்டு எழுதியிருந்தாலும் 75தான் உங்களுக்கு. லித்தியத்தில 100 எண்டா 80, 90 எடுக்கலாம், பாரமும் மூண்டில ஒரு பங்கு வராது. பழசத் தூக்கிப் போட்டுட்டு அதுக்குப் போங்க எண்டுதான் சொல்லுவன்.

பழைய_லைன்மான்
மனே, ஆரும் ஒண்டும் வாங்கச் சொல்லாதீங்க இன்னும். கரண்ட் வேலையில முப்பது வருசம் கிடந்தவன் நான், அளந்து பாக்காம சாமான் மாத்தினா சாமான்தான் மாறும், பிழை அங்கேயே இரிக்கும். புதுப் பற்றரி போட்டாலும் அதே வயர், அதே ரிலே, அதே சார்ஜ், மூணு மாசத்தில அதுவும் இந்த நிலைக்கு வந்துடும். அம்மாட மருந்து விசயம், அதால இன்னும் கவனமாப் பாக்கோணும்.

பற்றரிக்கு மேல வேலை ஒண்டும் குடுக்காம மூணு நாலு மணித்தியாலம் சும்மா விட்டுட்டு முதல்ல அளங்க. நிறைஞ்ச ஈயப் பற்றரி 12.7 பக்கம் காட்டும், 12.2 எண்டா அரைவாசிதான் இரிக்கு. உங்கட 12.1 எண்டது நல்ல பற்றரிட கணக்கில்ல, ராவு முழுக்க ஓடி நிண்டு, மறுகா என்ஜினும் கொஞ்சம் ஓடி, ஆறின பொறகு ஏறி வந்த கணக்கு, அத வச்சி ஒண்டும் முடிவெடுக்கேலாது. பொறகு பாரமான சாமான் ஒண்டக் கொளுவி, அது ஓடிக்கிட்டிரிக்கக்குள்ளேயே பற்றரிக் காதில ஒருக்கா அளங்க, இன்வேட்டர்ட முனையில ஒருக்கா அளங்க. ரெண்டுக்கும் இடையில எவ்வளவு குறையுதோ அவ்வளவும் வயருக்குள்ள சாகுது. இன்வேட்டருக்குப் பற்றரி தெரியாது, தன்ட முனையில வாறதுதான் தெரியும், அங்க 10.5 பக்கம் இறங்கினா பற்றரி செத்துட்டுது எண்டு நினைச்சி ஓஃப் ஆகும்.

கல்முனை_ஒட்டோ_எலக்ட்ரிக்
லைன்மான் அண்ணன் செல்லுற சரி. என்ட வேலையே இதுதான் தம்பி, வான், லொறி, பட்டா எண்ட சின்ன லொறி எல்லாத்துக்கும் வயரிங். இந்த மாதிரி வாற பத்து வண்டியில ஏழெட்டில வயர்தான் பிழையா இரிக்கி. வீட்டு வயரிங்ல 230 வோல்ட், 500 வாட்டுக்கு ரெண்டு அம்பியரும் சொச்சமும்தான் ஓடும், மெல்லிசு வயர் போதும். அதே 500 வாட்ட 12 வோல்ட்ல எடுக்கப் போனா நாப்பதுக்கு மேல, இன்வேட்டர் தான் திங்கிறதயும் சேத்தா அம்பது அம்பியர். அந்தக் கணக்கு விளங்காம வீட்டு வயரையே கொளுவி விட்டுடுறாங்க. வயர்ட தடிப்பு என்ன, நீளம் என்ன எண்டு பாத்துப் போடுங்க. லக் (வயர் நுனியில போடுற உலோக வளையம்) அடிச்ச இடத்தத் தொட்டுப் பாருங்க, சுடுதா எண்டு.

இன்னொண்டு, அது கட்டாயம். அந்த உயரப் பற்றரி நீங்க படுக்கிற இடத்துக்குள்ளயா இரிக்கி? அசிட் பற்றரி சார்ஜ் ஏறி முடியிற நேரம் ஹைட்ரஜன் விடும், மூடின வானுக்குள்ள அது சேரக் கூடாது, பக்கத்தில ரிலே டிக் டிக் எண்டு பொறி விட்டுக்கிட்டிரிக்கி. சடன் பிறேக் புடிச்சா சரியிற சாமானும் அது. பெல்ட்டால கட்டி, பெட்டிக்குள்ள வச்சி, மேலால வெளிக்கு ஒரு குழாய் விடுங்க. இது இண்டைக்கே செய்யிற வேலை.

தாழங்குடா_வான்
எல்லாருக்கும் நன்றி, அம்மா சுகமா இரிக்கிறா. இண்டைக்கு மத்தியானம் முழுக்க இதோடதான் நிண்ட நான், மருமகன் கிளாம்ப் மீற்றர் (வயரச் சுத்திப் புடிச்சா அம்பியர் காட்டுறது) ஒண்டு இரவல் வாங்கித் தந்தவர்.

சும்மா விட்டு அளக்க 12.3. றைஸ் குக்கரக் கொளுவினன், 500 வாட் எண்டு அடியில எழுதியிருக்கு. பற்றரிக் காதில 11.7, இன்வேட்டர் முனையில 10.6! கிளாம்ப் 53 அம்பியர் காட்டினது. வயர் 6 சதுர மில்லிமீற்றர், ஒரு பக்கம் ரெண்டரை மீற்றர். மைனஸ் லக் கை வைக்கேலாத சூடு, ஈயத்தால மட்டும்தான் ஒட்டியிருக்கு, அமத்தவே இல்ல.

ஓடக்குள்ள சார்ஜையும் பாத்தன். என்ஜின் பற்றரியில 14.1 நிக்குது, பின்னால உயரப் பற்றரியில 13.1தான். ஏறுறது 9 அம்பியர். இங்க இருந்து பொத்துவில் நூறு கிலோமீற்றர் போல, உகந்தை வரைக்கும் எப்பிடியும் மூணு மணித்தியாலத்துக்கு மேல ஓட்டம், அவ்வளவு ஓடியும் முப்பது அம்பியர்-மணிதான் ஏறியிருக்குது எண்டு இப்பதான் விளங்குது.

மற்றது நான் கனவிலயும் நினைக்காதது. எல்லாத்தையும் கழட்டிப்போட்டு இன்வேட்டர மட்டும் ஓன்ல விட்டு அளந்தன், ஒரு சாமானும் இல்லாம 2 அம்பியர் இழுக்குது. ஒரு நாளைக்கு 48 அம்பியர்-மணி!

பழைய_லைன்மான்
கெட்டிக்காரன் மனே, இப்பதான் நமக்குக் கதைக்க ஒரு வழி வந்திருக்கு.

வயர்க் கணக்கு இதுதான். போக ரெண்டரை, வர ரெண்டரை, மொத்தம் 5 மீற்றர். செப்புக்கு 0.0175ஆல பெருக்கி வயர்ட தடிப்பால (சதுர மில்லிமீற்றர்) பிரிங்க, 6க்கு 0.0146 ஓம் வரும், 53 அம்பியர் ஓட 0.77 வோல்ட் அதுக்குள்ளேயே போகுது. நீங்க அளந்தது 1.1, மிச்சம் அந்தச் சுடுற லக்கில. அம்பது அறுபது வாட் சும்மா சூடாகி வெளியில போகுது எண்டு அர்த்தம், இன்னும் கொஞ்ச நாள் விட்டா பக்கத்துப் பலகை புடிச்சிரிக்கும். அதே நீளத்துக்கு 35 சதுர மில்லிமீற்றர் வயர் போட்டா 0.13 வோல்ட்தான் குறையும். இப்ப பாருங்க, பற்றரியில 11.7 இரிக்கக்குள்ளேயே இன்வேட்டருக்கு 10.6 எண்டா, ராவு பற்றரி இன்னும் கொஞ்சம் இறங்கின நேரம் நெபுலைசர் மோட்டர் கிளம்பிற இழுவைக்கு 10.5க்குக் கீழ போகாம என்ன செய்யும்? அண்டைக்கு உறுமிட்டு நிண்டதுக்குக் காரணம் அதுதான். பற்றரியில கொஞ்சம் கரண்ட் இருந்தது, அது அங்க போய்ச் சேரல்ல.

ஆனா பற்றரியும் நல்லதெண்டு நான் சொல்ல மாட்டன், ரெண்டு வருசம் சார்ஜ் இல்லாம கிடந்திரிக்கு. வீட்டில நல்ல சார்ஜரில ரெண்டு நாள் போட்டு நிறைச்சி, டிஸ்டில்ட் வோட்டர் பாத்து விட்டு, ஹைட்ரோமீற்றர் (அசிட்ட அடர்த்தி பாக்கிற கருவி) வச்சி ஆறு செல்லையும் தனித்தனியா அளங்க. வோல்ட் மீற்றர் ஆறு செல்லையும் கூட்டித்தான் சொல்லும், எந்தச் செல் பழுது எண்டு அதுக்குத் தெரியாது.

கல்முனை_ஒட்டோ_எலக்ட்ரிக்
14.1க்கும் 13.1க்கும் இடையில ஒரு வோல்ட் போறது ரிலே காதிலயும் சசி எர்த்திலயும்தான் (மைனஸ் வண்டிட இரும்புச் சட்டத்தில சேர்ற இடம்), பழைய ஹயஸ் எண்டா எர்த் போல்ட் துருப்புடிச்சிரிக்கும், சுரண்டிப் பாருங்க. மைனஸையும் வயராவே முன்னுக்கு இழுத்து விட்டா இன்னும் நல்லம். இந்தப் பற்றரிக்கு நிறையிறதுக்கு 14.4 வோணும், 13.1 வச்சிக்கிட்டு ஒரு கிழமை ஓடினாலும் நிறையாது. எப்பவும் அரைவயித்தோட கிடந்தா தகட்டில வெள்ளை படிஞ்சி இறுகும், அதுதான் சல்பேட், புடிச்சா கழராது.

வாழைச்சேனை_போட்
நான் கடல்காரன், வான் இல்ல, ஆனா ஆழ்கடலுக்குப் போனா பல நாள் நிக்கிற நாங்க, எங்களுக்கும் இதே கணக்குத்தான் அதால எழுதுறன். போட்டில நாங்க இன்வேட்டர் போடுறதே குறைவு. லைட், ஃபேன், ஜீபீஎஸ், றேடியோ செட், போன் சார்ஜ் எல்லாம் நேர 12 வோல்ட்ல. நீங்க பற்றரிட 12 வோல்ட்ட 230 ஆக்கி, அத மறுகா போன் சார்ஜருக்குள்ள விட்டு 5 ஆக்கிறீங்க, ஒவ்வொரு மாத்தத்திலயும் கொஞ்சம் கொஞ்சம் போகுது, போதாக்குறைக்கு அந்தப் பெட்டி சும்மா நிக்கவே 2 அம்பியர் கேக்குது. 12 வோல்ட் ஃபேன் ஒண்டு வாங்கிப் போடுங்க, எல்ஈடி பட்டி லைட் போடுங்க, யூஎஸ்பி சொக்கட் 12 வோல்டுக்கே இரிக்கு. இன்வேட்டர தேவைக்கு மட்டும் ஓன் பண்ணி, வேலை முடிஞ்சோண்ண ஓஃப் பண்ணுங்க.

கடற்கரையில நிப்பாட்டுற ஆள் நீங்க, உப்புக்காத்து செப்பு வயருக்குள்ள போய்ப் பச்சை பூக்கும். ஈயம் பூசின வயர் கிடைச்சா அத எடுங்க, இல்லாட்டி லக் அடிச்ச இடத்துக்குப் பசை உள்ள சூட்டுக் குழாய் போட்டு மூடி, காதுக்கு வாசலின் பூசுங்க. பூசுறது இறுக்கினதுக்குப் பொறகு, முதல்ல பூசிட்டு இறுக்காதீங்க.

கல்லடி_சாப்பாட்டு_வண்டி
அண்ணன், நான் கல்லடியில பின்னேரத்தில சாப்பாட்டு வண்டி போடுற, பாலத்துக்கு இங்கால. என்ட வண்டியிலயும் பிறிட்ஜ் இரிக்கு, லைட் இரிக்கு, நாலு வருசமா பற்றரியிலதான் ஓடுது. ஒண்டு மட்டும் சொல்லுறன், சூடாக்கிற வேலை எதையும் பற்றரியில செய்யாதீங்க. சோறு காச்ச, தண்ணி கொதிக்க வைக்க காஸ் குக்கர். உங்கட 500 வாட் றைஸ் குக்கர் அரை மணித்தியாலத்தில 24, 25 அம்பியர்-மணி திண்டுடும், அதே கரண்ட்ல 12 வோல்ட் பிறிட்ஜ் அரை நாளுக்கு மேல ஓடும். வீட்டு பிறிட்ஜையும் இறக்கி வைங்க, அது கிளம்பிற நேரம் ஓடுறதப் போல பல மடங்கு இழுக்கும். 12 வோல்ட் கொம்பிரசர் உள்ள கூல் பெட்டி வாங்குங்க, விலைதான், ஆனா அது ஓடக்குள்ள 45, 50 வாட், ஓடி ஓடி நிக்கும், கச்சான் காத்து வீசுற சூட்டு நாளையிலயும் எனக்கு ஒரு நாளைக்கு 40 அம்பியர்-மணிக்குள்ள முடியுது.

மற்றது அம்மாட விசயம், இத வாசிச்சதில இருந்து எனக்கு மனசு கேக்கல்ல, என்ட உம்மம்மாக்கும் இழுப்பு வருத்தம் இருந்தது. கரண்ட ஒண்ட மட்டும் நம்பி அம்மாவ தூரம் கூட்டிட்டுப் போகாதீங்க. டொக்டரிட்டக் கேட்டு இன்ஹேலர் பம்பும் அதுக்குப் போடுற ஸ்பேசரும் கையில வைங்க, உள்ளுக்க பற்றரி போட்டு ஓடுற சின்ன நெபுலைசரும் இப்ப இரிக்கு. இன்சுலின் இப்ப பாவிக்கிற போத்தல் 30 பாகைக்குக் கீழ இருந்தா நாலு கிழமை போல வெளியில வைக்கலாம் எண்டு கிளினிக்ல சொல்லித் தந்தவங்க, போத்தலுக்குப் போத்தல் வித்தியாசம் வரும், தாளைப் பாருங்க. ஆனா மூடின வான் வெயிலுக்க நிண்டா 30 எங்க நிக்கப்போகுது. ஐஸ்ஸோட ஒட்டி வைக்கவும் வேணாம், உறைஞ்ச இன்சுலின் பிறகு பாவிக்கேலாது.

டொரன்டோ_அக்கரைப்பற்று
நான் அவசரப்பட்டு லித்தியம் எண்டு எழுதினது சரியில்ல, லைன்மான் ஐயா சொன்னதுதான் ஒழுங்கு, முதல்ல அளவு. ஆனா பற்றரி மாத்துற நிலைமை வந்தா எண்டு சில விசயம் எழுதி வைக்கிறன், இங்க நான் காசு குடுத்துப் படிச்சது.

லித்தியத்த அப்பிடியே பழைய ரிலேயில கொளுவாதீங்க. அதுக்குள்ள தடை சரியான குறைவு, எவ்வளவு குடுத்தாலும் வாங்கும், ஓல்டனேட்டரும் (என்ஜினில கரண்ட் செய்யிறது) நிப்பாட்டாமக் குடுத்துச் சுருள் கருகும். முக்கியமா டிறபிக்கில மெல்ல ஓடக்குள்ள, காத்து இல்லாம. இடையில டிசி டிசி சார்ஜர் ஒண்டு போடோணும், 20 இல்லாட்டி 30 அம்பியர். அது முன்னால இருந்து எவ்வளவு வந்தாலும் பின்னால 14.2, 14.4 எண்டு சரியா ஏத்திக் குடுக்கும், ஓல்டனேட்டரையும் காக்கும், என்ஜின் நிண்டா தானா வெட்டும், ஸ்டார்ட் பற்றரி இறங்காது.

ரெண்டாவது, லித்தியத்தில வோல்ட் பாத்து எவ்வளவு மிச்சம் எண்டு சொல்லேலாது. 90 வீதத்திலயும் 13.3, 40 வீதத்திலயும் கிட்டத்தட்ட 13.1. உள்ள போறது வெளிய வாறது எல்லாத்தையும் எண்ணுற ஷன்ட் மீற்றர் மைனஸ் வயரில போடோணும். எங்களுக்கு இங்க குளிர்ல பூச்சியத்துக்குக் கீழ சார்ஜ் ஏத்தக் கூடாது எண்ட பிரச்சினை, அதுக்கு ஹீற்றர் வச்ச பற்றரி எல்லாம் வாங்குறம், உங்களுக்கு அது தேவையே இல்ல, அந்தக் காசக் குடுக்காதீங்க. உங்களுக்குச் சூடுதான் எதிரி. என்ஜினுக்கு மேல சீற்றுக்கடியில வைக்காம பின்னால காத்து வாற இடமாப் பாருங்க.

பழைய_லைன்மான்
டொரன்டோத் தம்பி சொன்னது எல்லாம் சரி, ஒண்டில மட்டும் எனக்கு வேற எண்ணம். வருசத்தில நாலு தரம் ரெண்டு ரெண்டு ராவு போறவருக்கு, நல்ல டீப் சைக்கிள் ஈயப் பற்றரியும் ஒழுங்கான சார்ஜரும் போதும், விலை குறைவு, இங்கேயே மாத்தலாம், பழசக் குடுத்தா கொஞ்சக் காசும் கழியும். ஸ்டார்ட் பண்ணுற லொறிப் பற்றரிய மட்டும் போட வேணாம், அதில தகடு மெல்லிசு, ஒரேயடியா நிறையக் குடுத்துட்டு உடனே நிறையிறதுக்குச் செஞ்சது, ஆழமா இறக்கினா ஒரு வருசம் நிக்காது. லித்தியம் வாங்குறவர் கிழமைக்குக் கிழமை பாவிக்கிறவரா இருந்தாத்தான் அந்தக் காசு வீண்போகாது.

டொரன்டோ_அக்கரைப்பற்று
ஐயா, மறுத்துக் கதைக்கிறன் எண்டு நினைக்காதீங்க. வருசத்தில நாலு தரம்தான் போறார் எண்டா மிச்ச நாள் பற்றரி சும்மா கிடக்கும், சும்மா கிடக்கத்தானே ஈயம் சாகும், அவர்ட 150க்கு நடந்ததே அதுதான். லித்தியத்த அரைவாசி சார்ஜில எல்லாத்தையும் கழட்டி வச்சிட்டு ஆறு மாசம் திரும்பிப் பாக்காம விடலாம். குறைவாப் பாவிக்கிறவருக்குத்தான் அது இன்னும் பொருத்தம்.

பழைய_லைன்மான்
சும்மா கிடக்கிற கணக்க நான் யோசிக்கல்ல, அது ஞாயம்தான். ஈயம் வாங்கினா மாசத்துக்கு ஒருக்கா நிறைச்சி விடுவன் எண்ட மனசு வேணும். அது இல்லாட்டி தம்பி சொல்லுறதுதான் சரி.

தாழங்குடா_வான்
ரெண்டு நாள் சார்ஜ் போட்டு ஹைட்ரோமீற்றர் வச்சிப் பாத்தன். அஞ்சி செல் 1.230, 1.235 எண்டு வந்திட்டுது. மூணாவது செல் 1.150ல நிக்குது, எவ்வளவு சார்ஜ் போட்டும் ஏறல்ல, குமிழியும் வரல்ல. லைன்மான் ஐயா, இது முடிஞ்சுது தானே?

பழைய_லைன்மான்
முடிஞ்சுது மனே. மற்ற அஞ்சும் நல்லா இருந்தாலும் ஆறும் ஒரே வரிசையில, அந்த ஒண்டு இறங்கினா முழுப் பற்றரியும் இறங்கும். இதோட வீட்டு வேலைக்கும் வைக்காதீங்க, பழைய பற்றரி எடுக்கிறவங்களிட்டக் குடுங்க, அசிட்ட வடிகானுக்குள்ள ஊத்த விடாதீங்க.

மட்டு_புதுசு
நடுவுக்க வாறதுக்கு மன்னிக்கோணும். நானும் வான் ஒண்டு செய்யிறன். சொந்தக்காரர் வீட்டு முத்தத்தில நிப்பாட்டினா அவங்கட கரண்ட வயரில எடுத்து என்ட இன்வேட்டர் ஓடுற அதே சொக்கட்டுக்குக் குடுக்கலாமா? ரெண்டு பக்கமும் ஆண் பிளக் போட்ட வயர் ஒண்டு செஞ்சி வச்சிரிக்கன்.

பழைய_லைன்மான்
அந்த வயர இண்டைக்கே வெட்டிப் போடுங்க. கோபத்தில சொல்லல்ல, பயத்தில சொல்லுறன். ஒரு பக்கத்தக் கொளுவினா மற்றப் பக்கத்தில ரெண்டு ஊசியும் 230 வோல்ட்டோட வெளியில நீட்டிக்கிட்டு நிக்கும், புள்ள ஒண்டு தொட்டா முடிஞ்சுது. இன்வேட்டர் ஓடிக்கிட்டிரிக்க வெளிக் கரண்டும் வந்தா இன்வேட்டர் வெடிக்கும். வெளிக் கரண்ட் இல்லாத நேரம் உங்கட இன்வேட்டர் அந்த வயரால வீட்டுக்குள்ள போய், அங்கால லைனுக்கும் ஏறலாம், லைன் செத்துக் கிடக்கெண்டு நம்பி ஒருத்தன் கம்பத்தில ஏறி வேலை செய்வான். அந்தக் கம்பத்தில நிண்டவன் நான். சேஞ்ச் ஓவர் சுவிட்ச் ஒண்டு போடுங்க, ஒண்டு இல்லாட்டி மற்றது, ரெண்டும் ஒரே நேரம் சேராத மாதிரி, கரண்ட் கசிஞ்சா தானா விழுற ட்ரிப் சுவிட்சும் போடுங்க. சில இன்வேட்டரில நியூட்ரல் எர்த்தோட சேந்திராது, அப்ப ட்ரிப் சுவிட்ச் இருந்தும் விழாது, அதத் தெரிஞ்ச ஒருத்தரக் கூப்பிட்டுப் பாத்துச் செய்யுங்க.

மட்டு_புதுசு
வெட்டிட்டன் ஐயா. நன்றி.

கல்லடி_சாப்பாட்டு_வண்டி
சோலார் பத்தி ஒருத்தரும் கதைக்கல்ல. என்ட வண்டிக் கூரையில 200 வாட் பனல் ஒண்டு இரிக்கு, எம்பிபிடி கொன்ட்ரோலரோட (பனல் தாறத முழுசா எடுத்துப் பற்றரிக்கு ஏத்துற பெட்டி), நல்ல வெயில் நாளையில 50, 60 அம்பியர்-மணி தரும். நாங்க இரிக்கிற இடத்தில சூரியன் தலைக்கு மேலதானே, சித்திரையிலயும் ஆவணி கடைசியிலயும் நேர உச்சிக்கு வரும், அதால படுக்க வச்சாலே போதும், சாய்க்கிற வேலை இல்ல. கூரைக்கும் பனலுக்கும் இடையில காத்துப் போக இடம் விடுங்க, சூடானா பனல் தாறது குறையும். நிழல்தான் பெரிய கள்ளன், ஒரு தென்னோலை குறுக்கால விழுந்தாலே பாதிக்கு மேல போயிடும், வான குளிர்ச்சியா மரத்துக்குக் கீழ விடுறதா வெயிலுக்க விடுறதா எண்டு ஒவ்வொரு நாளும் யோசிக்கோணும். கார்த்திகை மார்கழி வாடை மழைக்கு அத நம்ப வேணாம், கிழமைக் கணக்கில வெளிக்காது.

தாழங்குடா_வான்
மூணு கிழமை எழுதல்ல, வேலை நடந்தது. கடைசியில லித்தியம் 100 அம்பியர்-மணிதான் எடுத்தன், மாசத்துக்கு மாசம் பாத்துச் சார்ஜ் போடுற ஒழுங்கு என்னட்ட இல்ல எண்டு யோசிச்சித்தான். வீட்டு இன்வேட்டர வித்திட்டு 600 வாட் சுத்த சைன் வேவ் (வீட்டுக் கரண்ட் மாதிரியே அலை வாற) இன்வேட்டர் சின்னது ஒண்டு, அது நெபுலைசருக்கு மட்டும், முந்தினதில மோட்டர் உறுமி உறுமிச் சூடாகினது, இதில வீட்டில ஓடுற மாதிரியே சத்தமில்லாம ஓடுது. பிறிட்ஜ் 12 வோல்ட் பெட்டி, ரெண்டு 12 வோல்ட் ஃபேன், எல்ஈடி. சோறு காஸ்ல. டிசி டிசி சார்ஜர் 30 அம்பியர், அதுக்கு முன்னால இருந்து 16 சதுர மில்லிமீற்றர் வயர், பிளஸ் மைனஸ் ரெண்டும். வயரிங் கல்முனை ஒட்டோ எலக்ட்ரிக் காக்காவே (அண்ணன்) செஞ்சி தந்தவர், ஒரு நாள் முழுக்க நிண்டு, காசும் அளவாத்தான் எடுத்தவர். கூரையில 200 வாட் பனல்.

நேத்துத்தான் உகந்தையால வந்தம். கதிர்காமத்துக்குப் பாத யாத்திரை போற சனம் நிறைஞ்சி கிடக்குது, காட்டுப் பாதை திறக்கிறதப் பாத்துக்கிட்டு. போய் நிண்ட நேரம் ஷன்ட் 96 வீதம் காட்டினது. ராவு முழுக்க பிறிட்ஜும் ரெண்டு ஃபேனும் ஓடி, அம்மாக்கு பத்து மணிக்கு ஒருக்கா நெபுலைசரும் புடிச்சி, விடிய ஆறு மணிக்கு 57. ராவு மூணு தரம் ஒழும்பி மீற்றரப் பாத்தன், பயம் போகல்ல. பொறகு வெயில் ஏற பத்து மணிக்குள்ள இறங்கிறது நிண்டு ஏறத் தொடங்கினது, யாத்திரைக்காரர்ட போன் பத்துப் பன்னிரண்டுக்குச் சார்ஜ் போட்டுக் குடுத்தம், அப்பிடி இருந்தும் பின்னேரம் நாலு மணிக்கு 80க்கு மேல. வாகரை ஐயா ஒருத்தர், எழுபது வயசிருக்கும், போனக் குடுத்திட்டு அம்மாவோட இரிந்து தேத்தண்ணி குடிச்சிட்டுப் போனவர். பம்பும் ஸ்பேசரும் அம்மாட தலைமாட்டில இருந்தது, தேவைப்படல்ல.

வாழைச்சேனை_போட்
சரியான சந்தோசம். அம்மாவ கேட்டதாச் சொல்லுங்க.

மட்டு_புதுசு
அண்ணன், இன்வேட்டருக்கு எத்தினை அம்பியர் பியூஸ், எந்த இடத்தில போட்டீங்க?

தாழங்குடா_வான்
80 அம்பியர், வயர் 25 சதுர மில்லிமீற்றர். பற்றரிப் பிளஸ் காதில இருந்து ஒரு சாணுக்குள்ள, ஏனெண்டா பியூசுக்கும் பற்றரிக்கும் இடையில இரிக்கிற துண்டுக்குக் காவல் ஒண்டும் இல்ல, அது எவ்வளவு கட்டையோ அவ்வளவு நல்லம் எண்டு காக்கா சொன்னவர். சார்ஜ் வயருக்கு ரெண்டு பக்கமும் பியூஸ், ஏனெண்டா ரெண்டு நுனியிலயும் பற்றரி இரிக்கு.

கல்முனை_ஒட்டோ_எலக்ட்ரிக்
தம்பி, உகந்தை போய் வந்திட்டீங்கதானே, பாணமைக்கு அங்கால ரோட்டுத் தெரியும் எனக்கு, நல்லாக் குலுக்கும். எல்லாக் காது போல்ட்டையும் ஒருக்கா ஸ்பானர் வச்சி இறுக்கிப் பாருங்க, புது லக் முதல் ஓட்டத்தில கொஞ்சம் இளகும். இறுக்க முதல் மைனஸக் கழட்டுங்க. இந்த வெள்ளிக்குப் பொறகு கல்முனைப் பக்கம் வந்தா வானக் கொண்டு வாங்க, நானே பாத்துத் தாறன்.

தாழங்குடா_வான்
சனிக்கிழமை காலைல வாறன் காக்கா.